ஒரே வெள்ளம் வந்துபோன வில்லுகளில் ஏன் வேறு வேறு மீன்?

மூதூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாரியில் மகாவலி கங்கை கரைபுரண்டு வரும்போது ஆற்றோரப் பள்ளக் குளங்களான வில்லுகள் எல்லாம் ஒரே தண்ணீர்ப் பரப்பாகிவிடுகின்றன. எல்லா வில்லுக்குள்ளும் அதே தண்ணீரும் அதே மீனும்தான் போயிருக்க வேண்டும். ஆனால் ஆனி, ஆடியில் போய்ப் பார்த்தால் ஒரு வில்லில் விராலும் கெளிறும் மட்டும் கிடக்கின்றன. அரைக் கட்டை, அதாவது அரை மைல், தள்ளியிருக்கும் இன்னொன்றில் கெண்டையும் பொடி மீனும் துள்ளுகின்றன. இது எதனால்? கூடவே இன்னொன்றும் கேட்கிறார். பெரிய வெள்ளம் வந்த வருடத்துக்கு அடுத்த வருடம் மீன் மலியும் என்று அவருடைய வாப்பா சொல்கிறாராம். அது உண்மையா, பழைய ஆட்களின் வாய்ப்பேச்சா?

தம்பி, வாப்பா சொல்வது சரி. முதல் கேள்விதான் நீளமான பதிலைக் கேட்கிறது. நான் மீன்பிடித் தொழிலில் இருந்தவன் அல்லன், முப்பது வருடம் உயிரியல் கற்பித்தவன். கிளிவெட்டிப் பக்கத்தில் கரப்புக் கூடை குத்தி மீன் பிடித்த தாய்மாமன் ஒருவர் இருந்ததால் வில்லுச் சேறு சின்ன வயதிலேயே காலில் ஒட்டிக்கொண்டது. அவர் சொன்னவற்றில் பாதியைப் பிறகு புத்தகங்களில் கண்டேன். மீதிப் பாதியை இன்னும் எங்கும் காணவில்லை. அதற்காக அவை பொய் என்று சொல்லமாட்டேன்.

இடத்தை முதலில் கண்முன் வைத்துக்கொள்வோம். மகாவலி 335 கிலோமீட்டர் நீளம், இலங்கையின் மிக நீண்ட ஆறு. மலையில் பாய்ந்து குதித்து வருகிற ஆறு மனம்பிட்டியைத் தாண்டியதும் அவசரத்தை விட்டுவிடுகிறது. நிலம் தட்டையாகிறது. ஆறு வளைகிறது, பழைய தடத்தைக் கைவிட்டுப் புதிய தடம் தேடுகிறது. கடைசியில் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து தெற்கே தள்ளிக் கடலைத் தொடுகிறது. மற்றது கொட்டியாரக் குடாவில் விழுகிறது. இந்தப் பயணத்தில் ஆறு கைவிட்ட வளைவுகளும், கரைமேட்டுக்குப் பின்னால் தாழ்ந்து கிடக்கும் பள்ளங்களும்தான் வில்லுகள். ஹந்தபான வில்லு போலப் பெரியவை உண்டு, ஊர் மாடுகள் மட்டும் அறிந்த பெயரற்ற சின்ன வில்லுகளும் உண்டு. 1984 இல் வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்காவும் 1986 இல் சோமாவதித் தேசியப் பூங்காவும் அறிவிக்கப்பட்டபோது இவற்றில் ஒரு பகுதி காப்புக்குள் வந்தது. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளிலும் இவற்றை வில்லு என்றே எழுதுகிறார்கள். நம் ஊர்ச் சொல் ஒன்று இப்படி அறிவியலுக்குள் அப்படியே நுழைந்திருப்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

வாப்பாவின் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். கோடை முழுக்க வில்லுத் தரையில் எருமையும் மாடும் மேய்கின்றன. புல் முளைக்கிறது, சாணம் விழுகிறது, சருகு சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறும்போது இவையெல்லாம் ஊறிக் கரைகின்றன. சில நாட்களுக்குள் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, பாசி பிடிக்கிறது, பாசியைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பல்கிப் பெருகுகின்றன. ஆற்று மீன்களில் பல, தண்ணீர் ஏறத் தொடங்கும் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் முட்டையிடுகின்றன. குஞ்சு வெளியே வரும்போது வாய்க்கு அளவான உணவு தயாராக இருக்கிறது, ஒளிந்துகொள்ளப் புல் இருக்கிறது, பெரிய மீன் நுழைய முடியாத கணுக்கால் தண்ணீர் இருக்கிறது. மூதூர்த் தயிரும் மூதூர் விராலும் ஒரே புல்லிலிருந்துதான் வருகின்றன என்று மாமா சொல்வார். அதில் மிகை எதுவும் இல்லை.

வெப்பமண்டல வெள்ளச் சமவெளி ஆறுகளைப் பற்றிய அறிவியல் இந்த இடத்துக்கு வந்து சேரக் கொஞ்சக் காலம் எடுத்தது. 1980 அளவில், ஆற்றின் கீழ்ப்பகுதி மேலிருந்து அடித்துவரப்படும் சருகையும் சத்தையும் நம்பி வாழ்கிறது என்ற படமே ஓங்கியிருந்தது. 1989 இல் அமேசனில் நீண்டகாலம் வேலை செய்த ஜேர்மன் ஆய்வாளர் வொல்ஃப்காங் யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் ஆகிய இருவருடன் சேர்ந்து வேறொன்றைச் சொன்னார். பெரிய சமவெளி ஆறுகளில் மீனுக்கான உணவின் பெரும்பகுதி பக்கவாட்டில், வெள்ளம் ஏறி இறங்கும் நிலத்தில்தான் விளைகிறது என்பது அவர்கள் வாதம். இந்த ஏற்ற இறக்கத்துக்கு அவர்கள் கொடுத்த பெயர் வெள்ளத் துடிப்பு. ஆபிரிக்க ஆறுகளை ஆராய்ந்த ராபின் வெல்கம் போன்றவர்கள் அதற்கு முன்பே ஒன்றைக் கவனித்திருந்தார்கள். இந்த வருட மீன்பிடியைப் பெரும்பாலும் போன வருட வெள்ளத்தின் அளவே சொல்லிவிடுகிறது, சில ஆறுகளில் அதற்கு முந்தைய வருட வெள்ளமும் சேர்ந்துகொள்கிறது. குஞ்சு வலையில் தங்கும் அளவுக்கு வளர அத்தனை காலம் வேண்டும். கம்போடியாவின் தொன்லே சாப் ஏரி வறட்சியில் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர். மேக்கொங் பெருகித் தண்ணீர் பின்னோக்கிப் பாயும்போது அது 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. அந்த விரிவுதான் அந்த நாட்டின் சாப்பாட்டுத் தட்டில் மீனாக வருகிறது.

ஆக வெள்ளம் எவ்வளவு மீன் என்பதைச் சொல்கிறது. எந்த வில்லில் எந்த மீன் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது வெள்ளம் வடிந்த பிறகு கச்சான் காற்று வீசும் கோடைக் காலம்.

வெள்ளத்தில் எல்லா மீனும் எல்லா இடமும் போகின்றன என்பது ஓரளவுக்கு உண்மைதான். சீட்டுக் கட்டைக் கலைத்துப் போட்டதுபோல ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு கை விழுகிறது. தண்ணீர் வடிந்து, வில்லுக்கும் ஆற்றுக்கும் இடையிலான ஓடை அறுந்ததும் ஒவ்வொரு வில்லும் தனித் தனிச் சட்டி. பிறகு ஐந்தாறு மாதம் அந்தச் சட்டிக்குள் நடப்பது ஒரு வடிகட்டல். அந்த வடிகட்டலை இரண்டு கேள்விகளாகச் சுருக்கலாம் என்பது என் எண்ணம். அங்கே பார்க்க முடியுமா? அங்கே மூச்சுவிட முடியுமா?

முதல் கேள்விக்கு வலுவான சான்று தென் அமெரிக்காவிலிருந்து வருகிறது. வெனிசுவேலாவில் ஒரினோகோ ஆற்றின் வெள்ளச் சமவெளியில் 20 ஏரிகளை மார்கோ ரொட்ரிகெஸ், வில்லியம் லூயிஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1990களில் எழுதினார்கள். அங்கேயும் வருடந்தோறும் வெள்ளம் வந்து எல்லாவற்றையும் கலந்துவிடுகிறது. அப்படியிருந்தும் தண்ணீர் வடிந்த பிறகு எந்த ஏரியில் எந்தக் குடும்ப மீன் மேலோங்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அதற்குத் தேவைப்பட்ட முதன்மையான அளவு, தண்ணீரின் தெளிவு. தெளிந்த ஏரிகளில் கண்ணால் இரை தேடும் மீன்கள் மிஞ்சின. கலங்கிய ஏரிகளில் மீசையுள்ள கெளுத்தி இனங்களும், மின் அலைகளை வெளியிட்டு வழி தேடும் மின்மீன்களும் மிஞ்சின. காரணம் பெரும்பாலும் கொன்றுதின்னிகள். தெளிந்த தண்ணீரில் பார்வைக் கூர்மையுள்ள வேட்டை மீன், இரவில் உலாவும் மீசை மீனின் குஞ்சைப் பகலிலேயே கண்டுபிடித்துவிடும். கலங்கல் தண்ணீரில் அதே வேட்டைக்காரன் குருடன். அங்கே மோப்பமும் தொடுகையும் உள்ளவனுக்குத்தான் காலம்.

சரி, தெளிவு எங்கிருந்து வருகிறது? ஆழத்திலிருந்து. ஆளுக்கு மேல் தண்ணீர் நிற்கும் வில்லில் காற்று மேற்பரப்பை மட்டும் அலைக்கிறது, அடிச்சேறு அசையாது. முழங்கால் வில்லில் காற்று தரைவரை கிளறிவிடும். ஆனி, ஆடியில் நம் பக்கத்தில் கச்சான் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காயப்போட்ட துணியைத் தேடிப் பக்கத்து வளவுக்குப் போக வேண்டியிருக்கும். அதோடு நம்மிடம் ஒரினோகோ ஆய்வில் இல்லாத ஒரு சங்கதி உண்டு, எருமை. ஆழங்குறைந்த வில்லில் ஐம்பது எருமை இறங்கிப் படுத்து எழும்பினால் தண்ணீர் அன்று முழுக்கத் தெளியாது. நீங்கள் விராலும் கெளிறும் கண்ட வில்லின் ஆழத்தையும், அங்கே எருமை இறங்குகிறதா என்பதையும் நினைத்துப் பாருங்கள். கெளிறின் மீசை ஒரு கை போல வேலை செய்வது. அதற்குக் கலங்கல் ஒரு தடையே இல்லை.

விரால் ஏன் அங்கே நிற்கிறது? அது கண்ணால் வேட்டையாடும் மீன்தானே? நல்ல கேள்வி. இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது.

ஒரு லீட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலீட்டர் ஒட்சிசன் இருக்கிறது. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லீட்டர் தண்ணீரில், முழுக்க நிறைந்திருந்தாலும், ஐந்து மில்லிலீட்டர் சொச்சம்தான். எடைக் கணக்கில் லீட்டருக்கு 7.5 மில்லிகிராம். குளிர்நாட்டு ஆற்றில் 20 பாகையில் அது 9 மில்லிகிராமைத் தாண்டும். சூடான தண்ணீர் தாங்கும் ஒட்சிசன் குறைவு, அதே சூட்டில் மீனின் உடம்பு கேட்கும் ஒட்சிசன் அதிகம். வெப்பமண்டல மீனின் முதல் கஷ்டம் இதுதான். இதற்குமேல் ஊறிய புல்லும் சாணமும் அழுகும்போது அவை இருக்கிற ஒட்சிசனையும் இழுத்துக்கொள்கின்றன. மீன்குஞ்சுக்கு விருந்து வைத்த அதே புல்தான் இரண்டு மாதம் கழித்து மூச்சுமுட்ட வைக்கிறது.

இதில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு வில்லுக்குப் போனோம். இரவல் வாங்கிய ஒட்சிசன்மானி. பகல் பதினொரு மணிக்கு இறக்கினோம், ஊசி மேலே ஏறி நின்றது. நல்ல தண்ணீர், எந்த மீனும் வாழலாம் என்று பலகையில் எழுதிவைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தயிர்க்கார ஐயா ஒருவர், "வாத்தியார், விடியச் சாமம் வந்து பாருங்கள், மீன் எல்லாம் வாயை மேலே வைத்துக்கொண்டு நிற்கும்" என்றார். அடுத்த கிழமை விடிவதற்கு முன் போய் இறக்கினோம். ஊசி கீழே படுத்துவிட்டது. பகலில் பாசியும் நீர்ச்செடியும் வெயிலில் ஒட்சிசன் விடுகின்றன. இரவில் அவையும் மூச்சுவிடுபவைதான், மீனோடு போட்டிபோட்டு இழுக்கின்றன. ஒரு வில்லின் உண்மையான அளவு அதன் விடியற்கால அளவு.

அந்த விடியலைத் தாண்டுகிறவை யார்? விரால், பனையேறிக் கெண்டை, தேளி போன்ற காற்றுச் சுவாசிகள். விரால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டே கரப்புக்காரர் இடம் குறிப்பார்கள். தலைக்குள் இருக்கும் அறைகளில் காற்றிலிருந்து நேரே ஒட்சிசன் எடுக்கிறது. வில்லு வற்றிச் சேறானாலும் ஈரம் இருக்கும்வரை அது உள்ளே கிடக்கும். பனையேறி இன்னும் துணிச்சல்காரன், மழை இரவில் செவுள்மூடியை ஊன்றி ஊன்றிக் கரையில் நடந்து அடுத்த குளத்துக்குப் போய்விடும். 1791 இல் தரங்கம்பாடியில் டல்டோர்ஃப் என்ற டென்மார்க் படையதிகாரி, அது பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டு பிடித்ததாக எழுதிவைத்தார். பறவை கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். பனையேறி என்று பெயர் வைத்த நம் ஆட்கள் என்ன கண்டார்களோ, அதையும் கேட்டிருக்கலாம்.

காற்றுச் சுவாசம் இல்லாத சின்ன மீன்களுக்கும் ஒரு தந்திரம் உண்டு. தண்ணீரின் மேல்தோலில், காற்றைத் தொடும் மெல்லிய படலத்தில் மட்டும் ஒட்சிசன் கொஞ்சம் இருக்கும். அதை வாயால் சீவி எடுக்கும். அமேசனின் தம்பாக்கி மீனுக்கு இதற்காகவே கீழுதடு வீங்கி நீளும், ஒட்சிசன் திரும்பியதும் சுருங்கிவிடும். தயிர்க்கார ஐயா சொன்ன, வாயை மேலே வைத்து நிற்கும் மீன்கள் செய்தது இதைத்தான். ஆனால் மேற்பரப்பில் நிற்பது கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் தட்டில் வைத்துக் கொடுப்பது போன்றது. மூச்சுக்காக உயிரைப் பணயம் வைக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் விரால் வில்லு, ஆழங்குறைந்து கலங்கி, அடியில் புல் அழுகி, விடியலில் ஒட்சிசன் இல்லாமல் போகும் வில்லாக இருக்க வேண்டும். கெண்டையும் பொடி மீனும் துள்ளும் வில்லு கொஞ்சம் ஆழமானது, காற்றால் மேல்தண்ணீர் புதுப்பிக்கப்படுவது, இல்லையென்றால் ஆற்றோடு இன்னும் ஒரு கால்வாயால் தொட்டுக்கொண்டிருப்பது. மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது, அதை மறந்தால் கணக்குப் பிழைக்கும். ஆற்றுவாழை, சல்வீனியா என்ற மிதக்கும் செடிகள் பாய்போல மூடிய வில்லு. அங்கே தண்ணீரை அள்ளிப் பார்த்தால் கண்ணாடிபோலத் தெளிவு. ஆனால் பாய்க்குக் கீழே இருட்டு, ஒட்சிசனும் இல்லை. தெளிவு ஒன்றை மட்டும் அளந்தால் கெண்டை இருக்கும் என்று எழுதிவிடுவோம், உள்ளே விராலும் தேளியும்தான் இருக்கும். ஒரினோகோ விதியை நம் வில்லில் அப்படியே பெயர்த்து நடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஆற்றுவாழை தென் அமெரிக்கச் செடிதான், ஆனால் இங்கே அதைக் கட்டுப்படுத்தப் பூச்சிகளும் போதாது, ஆட்களுக்கு நேரமும் இல்லை. அதை ஒழிக்க இலங்கையில் 1909 இலேயே சட்டம் போட்டார்கள். செடி சட்டம் படிக்கவில்லை.

மேக்கொங் பக்கத்து மீனவர்கள் இந்தப் பிரிவினையை நெடுநாளாகவே இரண்டு சொல்லில் வைத்திருக்கிறார்கள், கறுப்பு மீன், வெள்ளை மீன் என்று. கறுப்பு மீன் வெள்ளம் வடிந்தாலும் சமவெளிப் பள்ளத்திலேயே தங்கிச் சகித்துக்கொள்வது, நம் விரால்போல. வெள்ளை மீன் தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஆற்றுக்கு ஓடிவிடுவது, வெள்ளி நிறப் பெருங்கெண்டைகள்போல. இங்கே ஓடை அறுபடும் நாள் முக்கியமாகிறது. திடீரென்று வடிந்தால் வெள்ளை மீன்கள் வில்லில் மாட்டிக்கொண்டு ஒட்சிசன் இல்லாமல் சாகும். மெதுவாக வடிந்தால் தப்பிப் போகும். அமேசன் வெள்ளம் மனாவுஸ் பக்கத்தில் பத்து மீற்றர் அளவுக்கு மாதக்கணக்கில் ஏறி மாதக்கணக்கில் இறங்குவது. நம்முடையது குறுகிய ஆறு, ஒரே மாரியில் பல முறை ஏறி இறங்கும். அதனால் இங்கே சீட்டுக் கட்டு ஒரு பருவத்திலேயே திரும்பத் திரும்பக் கலைக்கப்படுகிறது. இரண்டு வில்லுக்கு இடையிலான வேறுபாட்டில் தற்செயலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடலுக்குக் கிட்டே வந்தால் இந்த இரண்டு கேள்வியோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. திருகோணமலையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, எனவே உப்பை உள்ளே தள்ளுவது அலையின் வலிமையைக் காட்டிலும் ஆற்றின் வலிமையின்மை. வெருகல் கோவில் திருவிழா நடக்கும் ஆவணிப் பக்கம் ஆறு மெலிந்திருக்கும்போது உப்புத் தண்ணீர் அடியால் ஊர்ந்து மேலே வரும். அதோடு மடவை வரும், கொடுவா வரும். முட்டையிட உவர்நீருக்கு இறங்கி, குஞ்சு வளர்ந்ததும் திரும்ப ஏறும் பெரிய நன்னீர் இறாலும் இந்த வாசலை நம்பியதுதான். விலாங்கு எதிர்ப்பக்கம், கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்கே திரும்புவது. கொட்டியாரக் குடா பக்கத்து வில்லு ஒன்றில் நன்னீர் மீனோடு மடவையும் கண்டால் ஆச்சரியப்பட வேண்டாம், அந்த வில்லின் ஓடை எந்த மாதம் வரை திறந்திருந்தது என்று கேளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. கேட்காவிட்டாலும் சொல்லாமல் விடமுடியாது. மாமாவின் காலத்துக் கங்கைக்கு வருடத்தில் இரண்டு பெருக்கு. மார்கழிப் பெருக்கு நம் மழை. மற்றது ஆனி, ஆடியில், இங்கே ஒரு துளி மழையில்லாமல் கச்சான் வறுத்தெடுக்கும்போது, ஹட்டன், நுவரெலியா மலைகளில் தென்மேல் பருவமழை கொட்டி, அந்தத் தண்ணீர் இறங்கிவந்து ஆற்றைச் சிவப்பாக்குவது. மார்கழி அளவுக்கு அது பெரிதில்லை. ஆனாலும் வற்றிக்கொண்டிருக்கும் வில்லுகளுக்கு நடுக்கோடையில் ஒரு மூச்சு அது. 1976 இல் பொல்கொல்லையில் ஆற்றைத் திருப்பினார்கள். 1985 இல் கொத்மலையும் விக்டோரியாவும், 1986 இல் ரந்தெனிகலவும் வந்தன. அம்பன் கங்கையில் மொரகஹகந்த 2018 இல் வந்தது. மலையின் பருவமழை இப்போது நீர்த்தேக்கங்களில் மின்சாரமாகவும் வயலுக்குப் பாய்ச்சலாகவும் கணக்கெடுக்கப்படுகிறது. வெளிச்சமும் சோறும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பது நான் கண்ட எந்தத் திட்டக் கணக்கிலும் வில்லு மீனவரின் பெயரில் எழுதப்படவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முன்பு வற்ற வேண்டிய காலத்தில் சிறுபோக வயல்களின் வடிகால் தண்ணீர் உரத்தோடும் மருந்தோடும் தாழ்ந்த இடங்களுக்கு வந்து சேர்கிறது. பெருகவேண்டிய காலத்தில் பெருக்கு குறைவு, வற்றவேண்டிய காலத்தில் வற்றல் குறைவு. ஏற்ற இறக்கம் மழுங்கினால் எந்த மீனுக்கு லாபம்? உயிரியலாளர் கேர்க் வைன்மில்லர் மீன்களின் வாழ்க்கை முறையை மூன்றாகப் பிரித்தார். வருடத்துக்கு ஒருமுறை, சரியான வெள்ளத்தில், ஆயிரக்கணக்கில் முட்டையைக் கொட்டிவிட்டுப் போகிறவை ஒன்று. சிறிய உடம்போடு வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையிட்டுக்கொண்டே இருப்பவை இரண்டு. குறைவாக முட்டையிட்டு, குஞ்சைப் பொத்திப் பொத்தி வளர்ப்பவை மூன்று. வெள்ளம் சீராக வந்துபோகும் ஆற்றில் முதல் வகை செழிக்கும். அசையாத தண்ணீர் மூன்றாம் வகைக்குப் பிடிக்கும். திலாப்பியா மூன்றாம் வகையின் அரசன். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும், வெள்ளத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1952 இல் மொசாம்பிக் திலாப்பியாவை இலங்கைக் குளங்களில் விட்டார்கள், நைல் திலாப்பியா 1970களில் வந்தது. கந்தளாய் போன்ற குளங்களில் இன்று பிடிபடுவதில் பெரும்பங்கு அதுதான். குறைந்த விலையில் ஏழைக்கு மீன் கொடுத்தது என்பதையும் சொல்லவேண்டும். விராலும் குஞ்சைக் காக்கும் மீன்தான், செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். ஆனால் அதற்கு மேல்தண்ணீரில் புல்லும், குஞ்சுக்கு வெள்ளத்து உணவும் வேண்டும்.

ஆற்றில் மண் அள்ளுவதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடித்தளம் தாழ்ந்தால், வில்லுக்குள் தண்ணீர் ஏற ஆறு முன்பைவிட உயரமாகப் பெருக வேண்டும். பாலத்தின் கீழ் வெள்ளம் பெரிதாகத் தெரியும், வில்லுக்கு வந்து சேராது. 2011 ஜனவரி போலச் சமவெளி முழுக்க மூழ்கும் வெள்ளத்தில் இது பெரிய பொருட்டில்லை. சாதாரண வருடங்களின் சின்ன வெள்ளங்களைத்தான் வில்லு இழந்துவிடுகிறது.

இதையெல்லாம் நீங்களே சோதித்துப் பார்க்கலாம், பெரிய கருவி வேண்டாம். அந்த இரண்டு வில்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டளவு வட்டத் தகட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பங்கு பூசி, கயிற்றில் கட்டி இறக்குங்கள். எத்தனை சாணில் அது கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தெளிவு. ஆழத்துக்கு ஒரு கம்பு போதும். ஒட்சிசன்மானி கிடைத்தால் விடியற்காலையில் மட்டும் பாருங்கள், கிடைக்காவிட்டால் அதே நேரம் போய் எத்தனை மீன் வாயை மேலே வைத்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஓடை அறுந்த நாளை மாடு மேய்ப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள், எருமைக் கணக்கையும் அவர்களே சொல்வார்கள். இரண்டு வில்லிலும் ஒரே கண்ணளவுள்ள வலையை ஒரே நேரம் போடுங்கள், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. பகலில் மட்டும் போட்டால் கெளிறே இல்லை என்று எழுதிவிடுவீர்கள். தங்கூசி என்னும் ஒற்றை நைலோன் இழை வலை வேண்டாம், சட்டப்படியும் கூடாது. பூங்கா எல்லைக்குள் இருக்கும் வில்லு என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

அந்தத் தகட்டைத் தோணியிலிருந்தே இறக்குங்கள், தம்பி. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று பிடிக்க வேண்டாம். வில்லுகளில் முதலை இருக்கிறது, கலங்கல் தண்ணீரில் நீங்கள் அதைக் காண்பதற்கு முன்பே அது உங்களை அறிந்திருக்கும்.